எலிக்கு வைத்தது, இதயத்துக்கு வந்தது

வார்ஃபரின் மாத்திரையின் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1920களின் தொடக்கத்தில் கனடாவிலும் அதை ஒட்டிய அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலும் நல்ல தெம்போடு இருந்த மாடுகள் ரத்தம் வடிந்து செத்தன. கொம்பு அறுத்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. காயடித்த காளைக்கன்று மறுநாள் எழவில்லை. வெளிக்காயம் எதுவும் இல்லாத பசுக்களும் தோலுக்கடியில் ரத்தம் கட்டிச் சாய்ந்தன. ஏதோ கொள்ளைநோய் புகுந்துவிட்டது என்று விவசாயிகள் பயந்தார்கள்.

நோய் தீவனத்தில் இருந்தது. ஸ்வீட் குளோவர் என்ற பயிரை அங்கே மாட்டுக்காக விதைத்தார்கள். சத்தில்லாத மண்ணிலும் தழைக்கும், மண்ணுக்கும் உரமாகும். அதை அறுத்து உலர்த்திப் போர் போடும்போது மழையில் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வசதி இருக்கும் காலத்தில் பூஞ்சணம் பிடித்ததைக் கொட்டிவிடுவார்கள். விளைபொருளின் விலை விழுந்து, கையில் காசில்லாத ஆண்டுகள் அவை. வேறு வழியில்லாமல் அதையே மாட்டுக்குப் போட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் கனடாவின் கெல்ஃப் நகரத்துக் கால்நடைக் கல்லூரியில் இருந்த ஃபிராங்க் ஷோஃபீல்ட். ஒரே போரிலிருந்து நல்ல தண்டுகளைத் தனியாகவும் கெட்டுப்போன தண்டுகளைத் தனியாகவும் பிரித்து முயல்களுக்குக் கொடுத்தார். கெட்டுப்போனதைத் தின்ற முயல் ரத்தம் வடிந்து செத்தது, மற்றது பிழைத்தது. தீவனத்தை நிறுத்தினால், அல்லது நல்ல மாட்டின் புது ரத்தத்தை ஏற்றினால் நோயுற்ற மாடு தேறுகிறது என்பதும் தெரிந்தது. இதே ஷோஃபீல்ட் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு கொரியாவில் இருந்தவர். 1919-இல் ஜப்பானிய ஆட்சிக்கு எதிராகக் கொரிய மக்கள் எழுந்தபோது அதைப் படம்பிடித்து உலகத்துக்குக் காட்டினார். அவருடைய உடல் இன்று சியோலின் தேசியக் கல்லறையில் இருக்கிறது. மாத்திரையின் வரலாற்றைத் தேடிப் போனால் இப்படிப்பட்ட மனிதர்கள் எதிர்ப்படுகிறார்கள்.

வடக்கு டகோட்டாவில் லீ ரோடெரிக் என்ற கால்நடை மருத்துவர் இன்னொரு படி போனார். செத்த மாடுகளின் ரத்தத்தில், உறைவதற்குத் தேவையான புரோத்ராம்பின் என்ற புரதம் வேலை செய்யவில்லை என்று கண்டார். தீவனத்தில் இருக்கும் எந்தப் பொருள் இந்த வேலையைச் செய்கிறது என்பது மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை.

1933 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர் பனிப்புயலுக்கு நடுவே 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு மேடிசன் நகரத்துக்கு வந்தார். வண்டியில் செத்த கிடாரி ஒன்று, பால்கேன் நிறைய உறையாத ரத்தம், ஏறக்குறைய 45 கிலோ கெட்டுப்போன தீவனம். மாநிலக் கால்நடை மருத்துவரைப் பார்க்க வந்தவருக்கு அந்த அலுவலகம் பூட்டிக் கிடந்தது. திறந்திருந்த கதவு ஒன்றில் நுழைந்தார். அது பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை. உள்ளே கார்ல் பால் லிங்க் இருந்தார். அந்தத் தீவனத்தைப் போடாதீர்கள், முடிந்தால் ரத்தம் ஏற்றிப் பாருங்கள் என்பதற்கு மேல் லிங்கால் எதுவும் சொல்ல முடியவில்லை. அந்த மனிதர் வெறுங்கையோடு புயலில் திரும்பிப் போனார். லிங்கும் அவருடைய உதவியாளர் ஷோஃபெலும் அந்தப் பால்கேனை வைத்துக்கொண்டு அன்றைக்கே வேலையைத் தொடங்கினார்கள்.

ஆறு ஆண்டுகள் ஆயிற்று. 1939 ஜூனில் லிங்கின் மாணவர் ஹெரால்ட் கேம்பெல் இரவு முழுக்க உழைத்து, சில மில்லிகிராம் படிகத்தைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டு அதன் அமைப்பு தெரிந்தது, சோதனைக்கூடத்திலேயே செய்யவும் முடிந்தது. அறுத்த புல்லுக்கு அந்த இனிய வாசனையைத் தருவது கூமரின் என்ற பொருள். பூஞ்சணம் அதை உருமாற்றி, இரண்டிரண்டாகப் பிணைத்துவிடுகிறது. அப்படிப் பிணைந்ததற்கு டைகூமரால் என்று பெயர் வைத்தார்கள். மாட்டைக் கொன்ற பொருள் அதுதான்.

இவ்வளவு தெரிந்தபின் மருத்துவர்கள் சும்மா இருப்பார்களா? மாட்டின் ரத்தத்தை உறையவிடாமல் செய்வது, உறையக்கூடாத இடத்தில் ரத்தம் உறைந்து சாகும் மனிதனுக்கு உதவாதா? 1941-இலேயே அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் டைகூமராலை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இருந்தது. ஆனால் அது மெதுவாக வேலை செய்தது, ஆளுக்கு ஆள் வேறுபட்டது, அளவு தப்பினால் ரத்தம் கொட்டியது.

அடுத்த திருப்பத்துக்கு எலிகள் வந்தன. 1945-இல் ஏரிப் பயணம் ஒன்றில் நனைந்து நுரையீரல் நோயில் விழுந்த லிங்க், காசநோய் விடுதியில் பல மாதம் படுத்திருந்தார். படுத்தபடியே எலி ஒழிப்பின் வரலாற்றைப் படித்தார். எலி சாமர்த்தியமான பிராணி. தின்றவுடன் ஒரு எலி செத்தால் மற்றவை அந்தப் பக்கமே வராது. மெதுவாக, வலியில்லாமல், ஐந்தாறு நாள் கழித்து வேலை காட்டும் பொருள் கிடைத்தால் எலிக்குச் சந்தேகமே வராது. டைகூமராலின் உறவுப் பொருள்களாக அவருடைய கூடத்தில் செய்து வைத்திருந்த பட்டியலில் 42-ஆம் எண் பொருள் எல்லாவற்றிலும் வீரியமானது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகளோடு கூமரினின் வாலை ஒட்டி, அதற்கு வார்ஃபரின் என்று பெயரிட்டார்கள். 1948-இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது.

எலி மருந்தை மனிதனுக்குக் கொடுக்க எந்த மருத்துவருக்குத் துணிவு வரும்? 1951-இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர் உயிரை விட எண்ணி இதைச் சில நாட்கள் தொடர்ந்து தின்றார். ரத்தம் ஏற்றி, வைட்டமின் கே கொடுத்ததில் முழுதாகத் தேறினார். அவர் பிழைத்ததிலிருந்து மருத்துவர்கள் தெரிந்துகொண்டது பெரிய விஷயம்: இதற்கு மாற்று மருந்து கையிலேயே இருக்கிறது. 1954-இல் வார்ஃபரின் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. மறு ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு டென்வரில் மாரடைப்பு வந்தபோது அவருக்கும் கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு யாரும் முகம் சுளிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் எலி மருந்து என்ற பெயர் இன்றைக்கும் அதைவிட்டுப் போகவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்த மறுவாரம், கைப்பேசியில் படித்துவிட்டு வந்து, “டாக்டர், இது எலிக்கு வைக்கிறதாமே, எங்கப்பாவுக்கா கொடுத்தீங்க?” என்று கேட்கும் மகனையோ மகளையோ சந்திக்காத இதய மருத்துவர் இருக்கமாட்டார். கேட்பது நியாயமான கேள்வி. உப்பிலிருந்து பாராசிட்டமால் வரை எதுவும் அளவில்தான் மருந்து, அளவில்தான் விஷம். அதைப் பொறுமையாக விளக்காமல் எரிந்து விழும் மருத்துவரிடம்தான் எனக்குக் கோபம்.

உடலுக்குள் இது செய்வது என்ன? ரத்தம் உறையத் தேவையான புரதங்களைக் கல்லீரல் தயாரிக்கிறது. அவற்றில் நான்கு, வைட்டமின் கே இல்லாமல் முழுமை அடைவதில்லை. ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-யை உடல் வீணாக்காமல் புதுப்பித்து மீண்டும் வேலைக்கு அனுப்பும். அந்தப் புதுப்பிப்பு வேலையைச் செய்யும் நொதியை வார்ஃபரின் முடக்குகிறது. ஏற்கனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் புரதங்கள் தீர்ந்தால்தான் பலன் தெரியும். அதனால்தான் மாத்திரை போட்டு ஐந்து நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இன்றைக்குக் கூட்டிய அளவு நாளைக்குத் தெரியாது, நிறுத்தினாலும் உடனே போகாது.

இதயம் தாறுமாறாகத் துடிக்கும் நோய்க்கும் இந்த மாத்திரைக்கும் உறவு ஏற்பட இன்னும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நோயில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்குகின்றன. நாடியைப் பிடித்துப் பார்த்தால் தாளமே இருக்காது. சிலருக்குப் படபடப்பு, மூச்சு வாங்கல், களைப்பு. பலருக்கு ஒன்றுமே தெரியாது. இடது மேலறையின் ஓரத்தில் சிறு பை ஒன்று உண்டு. நடுங்கும் அறையில், அந்தப் பைக்குள் ரத்தம் ஓடாமல் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி ஒருநாள் கிளம்பி மூளைக்குப் போய்க் குழாயை அடைத்தால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர்மக்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் 1978-இல் எழுதினார்கள்: இந்த நோய் உள்ளவருக்குப் பக்கவாத அபாயம் மற்றவரைவிட ஐந்து மடங்கு. மூட்டுவாதக் காய்ச்சலில் இதய வால்வும் கெட்டிருந்தால் 17 மடங்கு. அந்தப் 17 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கு வரும்போது அது தேவைப்படும்.

1989-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலிருந்து முதல் பெரிய சோதனையின் முடிவு வந்தது. 1,007 நோயாளிகள். சிலருக்கு வார்ஃபரின், சிலருக்கு ஆஸ்பிரின், சிலருக்கு வெறும் மாவு மாத்திரை. வார்ஃபரின் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் தெளிவாகக் குறைந்தது. அடுத்தடுத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த சோதனைகளும் அதையே சொல்லின. பிற்பாடு எல்லாச் சோதனைகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, வார்ஃபரின் பக்கவாதத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது, ஆஸ்பிரின் ஐந்தில் ஒரு பங்கைத்தான் குறைக்கிறது என்று தெரிந்தது. மருத்துவத்தில் இவ்வளவு பெரிய பலன் தரும் மருந்துகள் அபூர்வம்.

அப்படியிருந்தும் கொடுக்க வேண்டியவர்களில் பெரும்பகுதியினருக்கு மருத்துவர்கள் இதைக் கொடுக்கவில்லை. இந்த மாத்திரையின் பயணத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் இதுதான்.

ஒரு மருத்துவரின் நிலையிலிருந்து பாருங்கள். 78 வயது மூதாட்டி. கம்பு ஊன்றி நடக்கிறார். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். நாடி தாறுமாறாக இருக்கிறது. வார்ஃபரின் எழுதிக் கொடுத்து, அவர் மறுபடி விழுந்து தலைக்குள் ரத்தம் கசிந்தால், அது மருத்துவர் எழுதிய சீட்டால் வந்தது. எழுதாமல் விட்டு, ஆறு மாதத்தில் அவருக்கு ஒரு பக்கம் விழுந்து பேச்சும் போனால், அது வயதால் வந்தது, விதியால் வந்தது. முதலாவதற்குப் பழி உண்டு. இரண்டாவதற்கு யாரும் பழி சொல்லமாட்டார்கள். மாத்திரை தடுத்த பக்கவாதத்தை எவரும் கண்ணால் பார்ப்பதில்லை. தப்பியவருக்கே அது தெரியாது. மாத்திரையால் வந்த ரத்தக்கசிவோ படுக்கை விரிப்பில் தெரியும்.

இது என் ஊகம் மட்டும் அல்ல. கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு, மருத்துவர்களின் மருந்துச் சீட்டுகளையே புரட்டிப் பார்த்தது. வார்ஃபரின் சாப்பிட்ட தம்முடைய நோயாளிக்குப் பெரிய ரத்தக்கசிவு ஏற்பட்டதைப் பார்த்த மருத்துவர்கள், அதற்குப் பின் வந்த வேறு நோயாளிகளுக்கும் அதை எழுதத் தயங்கினார்கள். வார்ஃபரின் கொடுக்காததால் நோயாளிக்குப் பக்கவாதம் வந்ததைப் பார்த்த மருத்துவர்களோ தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு ரத்தக்கசிவு மருத்துவரின் கையைப் பின்னுக்கு இழுத்தது, ஒரு பக்கவாதம் அந்தக் கையை முன்னுக்குத் தள்ளவில்லை.

நோயாளிகளைக் கேட்டால் என்ன சொல்கிறார்கள்? அதே கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மருத்துவர்களையும், இந்த நோய் வரக்கூடிய நிலையில் இருப்பவர்களையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்டார்கள். பக்கவாதத்தைத் தவிர்க்க எத்தனை ரத்தக்கசிவைப் பொறுத்துக்கொள்வீர்கள்? நோயாளிகள் மருத்துவர்களைவிட மிக அதிகமான ரத்தக்கசிவை ஏற்கத் தயாராக இருந்தார்கள். 2001-இல் வெளியான முடிவு அது. யோசித்தால் ஆச்சரியம் இல்லை. வயிற்றில் ரத்தம் கசிந்தால் மருத்துவமனையில் சில நாள், ரத்தம் ஏற்றி வீட்டுக்கு வந்துவிடலாம். பக்கவாதம் வந்தால் மலசலத்துக்கும் மருமகளின் கையை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டும். நம் ஊர் முதியவர்கள் கோயிலில் வேண்டிக்கொள்வதெல்லாம் படுக்கையில் விழாமல் போய்ச்சேர வேண்டும் என்றுதான்.

விழுந்துவிடுவார் என்ற பயத்துக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பக்கவாத அபாயம் நடுத்தரமாக உள்ள ஒரு முதியவர் ஆண்டுக்குச் சுமார் 295 முறை விழுந்தால்தான், தலைக்குள் கசியும் ஆபத்து வார்ஃபரினின் நன்மையை மிஞ்சும் என்று 1999-இல் வந்த கனடிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கணக்கு கணக்குதான், ஒவ்வொருவரின் எலும்பும் மூளையும் வேறு. ஆனாலும் விழுந்தார் என்ற ஒரே காரணத்துக்காக மறுப்பது எவ்வளவு அவசரமான முடிவு என்று அது காட்டுகிறது.

மறுத்தவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஆஸ்பிரின் கொடுத்தார்கள். பாதி நன்மை, பயமில்லாத மருந்து என்று நினைத்தார்கள். 2007-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் 75 வயதைத் தாண்டிய 973 பேரை எடுத்து இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ஆஸ்பிரின் குழுவில் பக்கவாதம் ஆண்டுக்கு 3.8 சதவீதம், வார்ஃபரின் குழுவில் 1.8. பெரிய ரத்தக்கசிவு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆஸ்பிரின் முதியவர்களுக்குப் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை அதோடு போயிருக்க வேண்டும். இன்றும் சில சீட்டுகளில் அது தொடர்வதைப் பார்க்கலாம்.

மருத்துவர்களின் பயத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. அளக்கும் கருவியே நீண்டகாலம் தவறாக இருந்தது. ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் சோதனையை ஆர்மாண்ட் குயிக் 1935-இல் வெளியிட்டார். அதற்குப் பயன்படும் வேதிப்பொருள் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. அமெரிக்காவில் பயன்பட்டது மந்தமானது. அதில் வந்த எண்ணை நம்பி அந்த நாட்டு மருத்துவர்கள் பிரிட்டிஷ் மருத்துவர்களைவிட அதிக அளவு கொடுத்தார்கள், நோயாளிகளுக்கு அதிகமாக ரத்தம் கசிந்தது. உலக சுகாதார நிறுவனம் 1983-இல் எல்லாச் சோதனைக்கூடங்களுக்கும் பொதுவான ஓர் அளவை ஏற்படுத்தியது. அதுதான் ஐ.என்.ஆர். மருந்து சாப்பிடாதவருக்கு 1 இருக்கும். இதயத் துடிப்புக் கோளாறுக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 2-க்குக் கீழே போனால் கட்டி, 4-க்கு மேலே போனால் கசிவு.

நோயாளியின் வாழ்க்கை அந்த எண்ணைச் சுற்றித்தான் சுழல்கிறது. இங்கிலாந்தில் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மஞ்சள் நிறக் கையேடு ஒன்றை வைத்திருப்பார்கள். நம் ஊரில் அது பள்ளிக்கூடத்து நாற்பது பக்க நோட்டு. முதல் பத்தியில் தேதி, அடுத்ததில் ஐ.என்.ஆர்., அடுத்ததில் எத்தனை மாத்திரை. திங்கள், புதன், வெள்ளி ஒன்று, மற்ற நாளில் அரை. அந்த அரையைப் பிளேடால் வெட்டும்போது ஒரு துண்டு பெரிதாகவும் ஒரு துண்டு சிறிதாகவும் போகும். சோதனைக்கு மாவட்ட மருத்துவமனைக்கோ நகரத்துப் பரிசோதனைக் கூடத்துக்கோ காலையில் பஸ் ஏற வேண்டும். கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போயிற்று. முடிவு வந்ததும் மருத்துவரைப் பார்க்க இன்னொரு வரிசை. எண் மேலும் கீழும் ஆடினால், “ஒழுங்கா மாத்திரை போடறீங்களா?” என்ற கேள்வி. போட்டுக்கொண்டுதான் இருப்பார். சிலருக்கு நாளைக்கு 1 மில்லிகிராம் போதும், சிலருக்கு 10 மில்லிகிராமும் போதாது. பிறவியிலேயே வரும் மரபணு வேறுபாடு அதற்கு ஒரு காரணம். அதை 2004-க்குப் பிறகுதான் சரியாகக் கண்டுபிடித்தார்கள். அதுவரை எத்தனை பேர் செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கினார்களோ.

கீரை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். முருங்கைக்கீரை, பசலை, அரைக்கீரை எல்லாவற்றிலும் வைட்டமின் கே நிறைய. அதனால் ‘கீரையே தொடக்கூடாது’ என்று பலருக்குச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஏழை வீட்டில் கீரையைப் பறித்துவிட்டால் மிஞ்சுவது சோறும் குழம்பும்தான். தொடக்கூடாது என்பதில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட வேண்டும், அதற்குத் தக மாத்திரையின் அளவைப் பொருத்திக்கொள்ளலாம். உணவைவிடப் பெரிய ஆபத்து மருந்துக்கடையில் இருக்கிறது. முழங்கால் வலிக்கு யாரையும் கேட்காமல் வாங்கும் டைக்ளோஃபினாக், வயிற்றுப்போக்குக்கு வாங்கும் மெட்ரோனிடசோல், படர்தாமரைக்கு விழுங்கும் ஃபுளுகோனசோல். இவை ஒவ்வொன்றும் கசிவுக்குக் கதவைத் திறந்துவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் நேர் எதிர். அது வார்ஃபரினைக் கல்லீரலில் வேகமாக அழித்துவிடும், அளவைப் பல மடங்கு கூட்டினாலும் ஐ.என்.ஆர். எழாது. காசநோய் சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தியபின் கூட்டிய அளவைக் குறைக்க மறந்தால் ரத்தம் கொட்டும்.

இந்தத் தொல்லைகள் எல்லாவற்றிலிருந்தும் விடுதலை தருவதாகச் சொல்லிப் புதிய மருந்துகள் வந்தன. முதலில் வந்த சைமெலகட்ரான் கல்லீரலைக் கெடுத்ததால் 2006-இல் திரும்பப் பெறப்பட்டது. 2009-இல் டாபிகட்ரான், 44 நாடுகளின் 18,113 நோயாளிகளிடம் வார்ஃபரினோடு மோதியது. அதிக அளவு எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் வார்ஃபரினைவிடக் குறைந்தது. மூளைக்குள் ரத்தக்கசிவு வெகுவாகக் குறைந்தது. அடுத்து ரிவரோக்சபான், அபிக்சபான், எடோக்சபான். கீரைக்குத் தடையில்லை, மாதா மாதம் ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு என்று சொல்லும் அளவுக்கு எளிது, சிறுநீரகத்தை மட்டும் கவனிக்க வேண்டும். இந்திய நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியபின் விலையும் இறங்கியது. வால்வு நோய் இல்லாமல் துடிப்பு மட்டும் தாறுமாறான முதியவருக்கு இன்று இவைதான் முதல் தேர்வு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் வார்ஃபரின் ஒரு வேளை தவறினாலும் இன்னொரு நாளைக்குத் தாங்கும். இவை தாங்கா. காலையும் மாலையும் போட வேண்டிய மாத்திரையை இரண்டு வேளை மறந்தால் பாதுகாப்பு அறவே இல்லை. சோதனை இல்லாததால் மறந்ததைக் கண்டுபிடிக்கவும் ஆளில்லை.

இத்தோடு பழைய மாத்திரை ஓய்வுபெற்றுவிட்டது என்று மேலைநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. நம் நாட்டில் அது ஓய்வுபெறவில்லை. காரணம் அந்தப் 17.

மேலைநாட்டில் இந்தத் துடிப்புக் கோளாறு பெரும்பாலும் முதுமையின் நோய். நம் நாட்டில் அது இன்னும் பலருக்குச் சிறுவயதில் விதைக்கப்படுகிறது. நெரிசலான வீட்டில் வளரும் குழந்தைக்குத் தொண்டைப்புண் வருகிறது, சரியாகக் கவனிக்காமல் விடுகிறார்கள், மூட்டுவாதக் காய்ச்சல் வருகிறது, அது இதய வால்வைத் தின்கிறது. 30, 35 வயதில் வால்வு சுருங்கி, மேலறை வீங்கி, துடிப்பு தாளம் தப்புகிறது. அதில் பெண்களே அதிகம். புதிய மருந்துகளின் பெருஞ்சோதனைகள் கடுமையாக வால்வு சுருங்கிய இவர்களைச் சேர்க்கவில்லை. இவர்களுக்காகவே நடந்த சோதனையின் முடிவு 2022-இல் வந்தது. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவின் 24 நாடுகள், 4,500-க்கும் மேற்பட்ட நோயாளிகள், சராசரி வயது 50. நடத்தியவர்களில் முன்னின்றவர் டில்லி எய்ம்ஸின் இதய மருத்துவர் கணேசன் கார்த்திகேயன். புதிய ரிவரோக்சபான் வெல்லும், குறைந்தது சமமாக நிற்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். வென்றது பழைய மருந்து. அதைச் சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் குறைவு, ரத்தக்கசிவும் அதிகமாகவில்லை. சோதனைக்குள் வந்தபோது பலருடைய ஐ.என்.ஆர். உரிய வரம்பில்கூட இல்லை. அப்படியிருந்தும் இந்த முடிவு. ஏழை நாடுகளின் நோயை ஏழை நாடுகளிலேயே சோதித்துப் பார்க்காமல், வேறிடத்து முடிவைக் கொண்டுவந்து எழுதிக் கொடுத்திருந்தால் எத்தனை உயிர் போயிருக்கும்?

உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் இதுவே நிலை. திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரா நிறுவனம் உருவாக்கிய வால்வு 1990 முதல் நம் நாட்டில் பொருத்தப்படுகிறது. அது உள்ளவரை வாழ்நாள் முழுக்க வார்ஃபரினோ அதன் உறவான அசினோகூமராலோ வேண்டும். நம் ஊர் மருந்துக்கடைகளில் அசிட்ரோம் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்தது இந்த அசினோகூமரால்தான். டாபிகட்ரானை உலோக வால்வுக்காரர்களிடம் சோதித்தபோது கட்டியும் கசிவும் இரண்டுமே கூடியதால், 2012-இல் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள்.

இளம்பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வார்ஃபரின் தொப்புள்கொடி வழியே கருவுக்கும் போகும். கருவுற்ற ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரத்துக்குள் குழந்தையின் எலும்பையும் மூக்கையும் பாதிக்கக்கூடும். அதற்காகப் பயந்து தானாகவே மாத்திரையை நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து தாயின் உயிரே போகும். ஹெபாரின் ஊசிக்கு மாற்றுவதா, குறைந்த அளவு வார்ஃபரினைத் தொடர்வதா என்பதை இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போன வாரத்திலேயே அவர் வந்து சொன்னால்தான் அதற்கு வழி உண்டு. மாமியார் வீட்டில் வாய்திறந்து சொல்ல முடியாத பெண் மூன்றாம் மாதத்தில் வந்து நிற்பார். கல்யாணத்துக்கு முன்பே இதைப் பேசிவிடும் மருத்துவர்களுக்கு நான் கைகூப்புகிறேன்.

மாடு தின்ற புல்லில் தொடங்கி 100 ஆண்டுகள் ஆகிவிட்டன. லிங்க் 1978-இல் காலமானார். அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சிக்கான உயரிய லாஸ்கர் விருதை இரண்டு முறை பெற்றவர். அவருடைய கூடத்தில் பிறந்த பொருள் இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. நம் நாட்டுக்கு இப்போது தேவை இன்னொரு புதிய மாத்திரை அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஐ.என்.ஆர். பார்க்கும் கருவியும், முடிவைப் பார்த்து அளவைச் சொல்லத் தெரிந்த ஒரு செவிலியரும் வேண்டும். அந்தக் கருவி பல ஆண்டுகளாகச் சந்தையில் இருக்கிறது. கிராமத்துப் பெண் அதற்காக நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டியிருப்பதில் எந்த நியாயமும் இல்லை.

இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவருடைய சட்டைப்பையிலோ கைப்பையிலோ மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிய சீட்டு ஒன்று எப்போதும் இருக்கட்டும். பல் பிடுங்கப் போனாலும், காய்ச்சலுக்குப் போனாலும், முதலில் அதைக் காட்டச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, வாய் கோணினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கடைசியாக ஐ.என்.ஆர். பார்த்தது எந்தத் தேதி என்று இன்றைக்கே கேளுங்கள். டாக்டர் சொன்ன நாள் தாண்டியிருந்தால் நாளைக் காலையில் கூட்டிக்கொண்டு போங்கள்.